பெயரைக் கேட்கிறோமா, வால்வைக் கேட்கிறோமா?

நேயர்களுக்கு வணக்கம். கண்ணாடிக் குழல் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே எந்தக் கம்பெனி வால்வு நல்லது, பிரிட்டனின் முல்லார்டா ஜெர்மனியின் டெலிஃபங்கனா என்பதில் வந்து நிற்கும். முல்லார்டில் குரல் இழைந்து வரும், டெலிஃபங்கனில் ஒவ்வொரு வாத்தியமும் பிரிந்து கேட்கும் என்பார்கள். வால்வுக்கு வால்வு சத்தம் மாறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாற்றத்தைப் பிராண்டின் கணக்கில் எழுதுவதற்கு நாம் ரொம்ப அவசரப்படுகிறோம்.

12ஏஎக்ஸ்7 வால்வையே எடுத்துக்கொள்ளுங்கள், ஐரோப்பாவில் இதன் பெயர் ஈசிசி83. இதன் பெருக்க எண் ஏறக்குறைய 100 என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் பல வருடம் ஓடித் தேய்ந்த வால்வும் பெட்டியிலேயே இருந்த வால்வும் ஒரே அளவுக்குப் பெருக்காது. ஒன்றில் வோல்டேஜ் பத்து சதவீதம் கூடினாலே கிட்டத்தட்ட 0.8 டெசிபல் ஏறிவிடும். சத்தம் கூடியதாக நமக்குத் தோன்றாது, இது நல்ல வால்வு என்றுதான் தோன்றும். அதனால் 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஏசி வோல்டேஜைப் பாருங்கள், ஒவ்வொரு வால்வுக்கும் வால்யூமைத் திருப்பி அதே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பாட்டுக் கேளுங்கள்.

இஎல்34 மாதிரி ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு என்றால் பயாஸையும், அதாவது பாட்டு ஓடாதபோது வால்வில் எவ்வளவு கரன்ட் ஓட வேண்டும் என்று வைக்கிற அமைப்பையும், பார்க்க வேண்டும். பயாஸ் நிலையாக வைக்கப்பட்ட ஆம்ப்ளிஃபயரில் புது ஜோடியை மாட்டினால் கரன்ட் மாறும், குறைந்தால் மெல்லிய இசையிலேயே கரகரப்பு வரும், மிஞ்சினால் வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்ற உலோகத் தகடு சூட்டில் சிவந்து வால்வு வீணாகும். பயாஸைச் சரிசெய்யாமல் கேட்டுவிட்டு இந்தப் பிராண்ட் கடுமையாகப் பாடுகிறது என்று சொல்வது அந்த வால்வுக்குச் செய்கிற அநியாயம்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. முல்லார்டை டெலிஃபங்கனோடு ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு முல்லார்டை இன்னொரு முல்லார்டோடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலேயே அதே அளவு வித்தியாசம் கேட்டால், நீங்கள் கேட்பது அந்தந்தத் தனி வால்வின் குணம், கம்பெனியின் குணம் இல்லை.

கண்ணாடியில் அச்சடித்த பெயரும் சாட்சி ஆகாது, ஒரு தொழிற்சாலையில் செய்ததை இன்னொரு கம்பெனி தன் பெயர் போட்டு விற்றது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். முல்லார்டும் அடங்கிய பிலிப்ஸ் குழுமத்து வால்வுகளில் கண்ணாடியின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் சின்னக் குறியீடு இருக்கும்: பி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்தது, முக்கோணம் இருந்தால் நெதர்லாந்தின் ஹீர்லனில் செய்தது. டெலிஃபங்கனில் பின்களுக்கு நடுவே வைர வடிவம் கண்ணாடியிலேயே பதிந்திருக்கும்.

கேட்கும்போது வால்வை வேறொருவர் மாற்றட்டும், எது எதுவென்று உங்களிடம் சொல்ல வேண்டாம். ஒவ்வொன்றும் நன்றாகச் சூடாகும் வரை பொறுங்கள். பிடித்ததைக் குறித்துக்கொண்ட பிறகு பெயரைக் கேளுங்கள்.