கூரைக்குக் கீழிருந்து புறப்படுவது எப்படி?

[திரையில்: ஒரு சிறிய ஓடுபாதை. அதற்கு மேலே படிப்படியாக விரியும் வான்வெளி.]

பெரிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளி, அதாவது அனுமதியில்லாமல் நாம் நுழையக் கூடாத பகுதி, கவிழ்த்து வைத்த படிக்கட்டு மாதிரி. நிலையத்தை ஒட்டி அது தரையைத் தொடும். தள்ளிப் போகப் போக அதன் அடிமட்டம் உயரும். அந்தப் படிகளுக்குக் கீழேதான் நம் சிறிய விமானம் புறப்பட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: பக்கவாட்டுத் தோற்றம். விமானம் ஏறும் கோடு.]

ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 400 அடி உயரத்தில் இருக்கிறது. புறப்படும் திசையில் 3 கடல் மைல் தள்ளி, 1,500 அடியில் ஒரு படி தொடங்குகிறது. நம் விமானம் நிமிடத்துக்கு 700 அடி ஏறும். தரைவேகம் 90 நாட், அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை மைல்.

மூன்று மைல் போக இரண்டு நிமிடம். அதற்குள் 1,400 அடி ஏறிவிடுவோம். ஓடுபாதையின் 400 அடியையும் சேர்த்தால் 1,800. படிக்குள் 300 அடி புகுந்தாயிற்று!

எதிர்க்காற்று 20 நாட் அடித்தால்? தரைவேகம் 70 ஆகக் குறையும். அதே மூன்று மைலுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் மேல் ஆகும். எல்லையைத் தொடும்போது 2,200 அடியில் இருப்போம். மெதுவாகப் போனால் ஆபத்து குறையும் என்று தோன்றும். இங்கே அது தலைகீழ்.

அதனால் 1,300 அடியிலேயே ஏற்றத்தை நிறுத்திவிடலாம். கையில் 200 அடி இடைவெளி இருக்கும். ஆனால் அது போதுமா?

[திரையில்: ஆல்டிமீட்டர். அழுத்த எண் 1003, பிறகு 1013.]

ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி. அன்றைய அழுத்த எண்ணை அதில் நாம்தான் வைக்க வேண்டும். ரேடியோவில் சொன்ன அழுத்தம் 1013. நம் காதில் 1003 என்று விழுந்து, அதையே வைத்துவிட்டோம். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி என்றால், பத்துக்கு 270 அடி. முள் 1,300 காட்டும். நாம் இருப்பது 1,570-ல். அந்த 200 அடி இடைவெளி போயே போய்விட்டது. டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி) அனுப்பும் உயரம் நாம் வைத்த எண்ணைப் பொறுத்ததல்ல; தரையில் வான்போக்குவரத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலர் திரையில் உண்மை தெரிந்துவிடும். இதைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. தரையில் நிற்கும்போதே ஆல்டிமீட்டர் 400 காட்டுகிறதா என்று பாருங்கள். 130 காட்டினால் எண் தப்பு.

தாழப் பறப்பதற்கும் ஒரு விலை உண்டு. தரையிலிருந்து 900 அடியில் என்ஜின் நின்றால், ஓர் அடி இறங்க ஒன்பது அடி முன்னேறும் விமானம் காற்றில்லாத நாளில் சுமார் 1.3 கடல் மைல்தான் மிதக்கும். ஆகவே வரைபடத்தில் கோடு போடும்போது எல்லையை மட்டும் பார்க்காதீர்கள். இறங்கத் தோதான வெட்டவெளிகள் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். திரும்ப வேண்டிய இடத்துக்கு ஆறு, ரயில் பாதை மாதிரி கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் துணைக்கு இருக்கட்டும்.

விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாமைப் படித்துவிடுங்கள். தற்காலிகத் தடை ஏதாவது இருந்தால் அதில் தெரியும்.

அடுத்து, கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைய அனுமதி. அது கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. கிடைத்தால் நல்லது. 'ஸ்டாண்ட் பை' (காத்திருங்கள்) என்று பதில் வந்தால் அது அனுமதி ஆகாது. வெளியே எங்கே சுற்றிக் காத்திருப்பது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

[திரையில்: ஓடுபாதை முனையில் நிற்கும் விமானம்.]

சரி, இப்போது ஓடுபாதை முனை. வாய்விட்டுச் சொல்லுங்கள்: "1,300-ல் நிறுத்தம். ரயில் பாதை வந்ததும் இடது திருப்பம். அப்புறம் ரேடியோ."