முன்பக்கம் உயர்த்திய பிக்கப்பில் சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவது எப்படி?

[காட்சி: பக்கவாட்டில் நிற்கும் பிக்கப் டிரக். முன் ஃபெண்டரின் உயரமும் பின் ஃபெண்டரின் உயரமும் அளவு நாடாவால் அளந்து காட்டப்படுகின்றன.]

வணக்கம். பிக்கப் டிரக்குகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பின்பக்கம் சற்று உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். பின்னால் சுமை ஏற்றிய பிறகு வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள். சுமை அதிகம் ஏற்றாதவர்களுக்கு அந்தச் சாய்வு பிடிப்பதில்லை; பெரிய டயர் போட விரும்புபவர்களுக்கு முன் சக்கர வளைவில் இடம் போதுவதில்லை. அதனால் முன்பக்கத்தை 1.5 முதல் 2.5 அங்குலம் வரை உயர்த்திச் சமப்படுத்தும் லெவலிங் வேலையைச் செய்துகொள்கிறார்கள். வேலை முடிந்து வண்டியை வெளியே எடுத்ததும், முதல் வேகத்தடையிலேயே முன்பு இல்லாத ஒரு ‘டொக்’ சத்தம் கேட்டால் அதை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் இந்த வீடியோ.

எந்தப் பாகம் கெட்டுவிட்டது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அது அவசரக் கேள்வி. எந்த அசைவில் சத்தம் வருகிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். சக்கரம் மேலே ஏறும்போதா, கீழே தொங்கும்போதா, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்பது தெரிந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு அல்லது மூன்றாகச் சுருங்கிவிடும். அது தெரியாமல், சக்கரப் பகுதியைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டையும் அதிர்வை அடக்கும் ஷாக்கையும் வாங்கிக் குவித்தால் பணம்தான் போகும், சத்தம் போகாது.

அடுத்ததாக, உயர்த்தியது எந்த முறையில் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில் இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஸ்ட்ரட்டைப் பிரிக்காமல் அதன் தலைக்கும் சேசிஸுக்கும் நடுவே ஸ்பேசர் எனும் இடைத்துண்டை வைப்பது ஒன்று. ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்பிரிங்கின் மேலோ கீழோ ஸ்பேசர் வைத்து ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது மற்றொன்று. இரண்டிலும் வண்டி ஒரே அளவு உயர்ந்து நிற்கலாம்; ஆனால் அவை எழுப்பக்கூடிய சத்தங்கள் வேறு வேறு.

[காட்சி: லோயர் கண்ட்ரோல் ஆர்மின் வரைபடம். ஸ்ட்ரட் பொருந்தும் இடமும் சக்கரம் இருக்கும் இடமும் வேறு நிறங்களில்.]

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஸ்ட்ரட் சக்கரத்தின் மேல் நேராக உட்காருவதில்லை. சேசிஸையும் சக்கரப் பகுதியையும் கீழ்ப்புறத்தில் இணைக்கும் லோயர் கண்ட்ரோல் ஆர்மின் நடுப்பகுதியைச் சற்றுத் தாண்டிய இடத்தில்தான் அதன் அடிப்பகுதி பொருந்துகிறது. ஆர்மின் நீளத்தில் 60 சதவீதத் தூரத்தில் அது இருப்பதாகக் கொண்டால், ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் 1 அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 1.7 அங்குல உயர்வாக மாறும். சின்ன ஸ்பேசர்தானே என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்: பால் ஜாயின்ட், சக்கரத்தைத் திருப்பும் டை ராட், முன் ஆக்ஸில் எல்லாமே அந்தப் பெரிய அளவுக்குத்தான் கோணம் மாறுகின்றன.

இனி சத்தங்களுக்கு வருவோம். வேகத்தடையில் முன் சக்கரங்கள் ஏறும்போது அமைதியாக இருந்து, தாண்டி இறங்கியதும் சக்கரங்கள் கீழே தொங்கும் நொடியில் ‘டங்’ என்று கேட்டால், ஷாக் தன் முழு நீளத்தையும் எட்டி முட்டுகிறது என்பதே முதல் சந்தேகம். ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்தும் முறையில் ஷாக்கின் மொத்த நீளம் மாறுவதில்லை. ஆனால் வண்டி நிற்கும் நிலை அந்த முழு நீளத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. முன்பு சக்கரம் கீழே இறங்க 3.5 அங்குல இடம் இருந்த வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால், மீதமிருப்பது 1.5 அங்குலம் மட்டுமே. சாதாரண வேகத்தடையே அதைத் தீர்த்துவிடும். இதை உறுதி செய்ய, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஃபெண்டர் விளிம்பிலிருந்து சக்கரத்தின் மையம் வரை அளந்துகொண்டு, பிறகு சேசிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரம் முழுவதும் தொங்கும்வரை தூக்கி மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசமே மீதமிருக்கும் தொங்கும் இடம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

இந்தச் சத்தத்துக்கு எந்தப் போல்ட்டை முறுக்கியும் பயனில்லை. ஸ்பேசரின் தடிமனைக் குறைக்க வேண்டும், அல்லது அந்த உயரத்துக்கென்றே நீளம் கூட்டித் தயாரித்த ஷாக்கைப் போட வேண்டும். அரை அங்குல உயரத்தை விட்டுக்கொடுப்பதே இரண்டிலும் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

தலையில் ஸ்பேசர் வைத்த வண்டியில் நிலைமை வேறு. அங்கே ஷாக்குக்குத் தொங்கும் இடம் குறைவதில்லை. அதற்குப் பதிலாக ஆர்ம்கள் தொழிற்சாலை அனுமதித்ததைவிடக் கீழே இறங்குகின்றன. முழுவதும் தொங்கும்போது அப்பர் கண்ட்ரோல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கையோ அதைச் சுற்றியுள்ள பகுதியையோ தொடக்கூடும். மேல் பால் ஜாயின்ட் தன் கோண எல்லையைத் தொட்டுவிடவும் கூடும். முட்டும் இடம் பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்: பெயின்ட் உரிந்து, நகத்தின் அகலத்துக்கு இரும்பு பளபளத்துக் கொண்டிருக்கும். எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுவதுமாக மேலே ஏறும்போது, சேசிஸில் உள்ள ரப்பர் தடுப்பு வேலை செய்வதற்கு முன்பே ஷாக் உள்ளே அடித்துக்கொள்ளலாம். அந்த அடி ஷாக்கையே பாழாக்கிவிடும் என்பதால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

[காட்சி: ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள மூன்று நட்டுகள். டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்கும் கை.]

சிறிய மேடு பள்ளங்களிலும், மெதுவாகப் போகும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றுபோல ‘டொக் டொக்’ என்று கேட்டால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியவை ஸ்ட்ரட்டின் தலை நட்டுகளும் அடி போல்ட்டும். ஸ்பேசரின் மேல் தடிமனான பூச்சு இருந்தால், முதல் சில நாட்கள் ஓடியதும் அந்தப் பூச்சு நசுங்கி, சரியாக முறுக்கிய நட்டே தளர்ந்துபோக வாய்ப்புண்டு. நட்டை வெறும் ஸ்பேனரால் தொட்டுப் பார்ப்பது போதாது. வண்டியின் கையேட்டிலும் ஸ்பேசருடன் வந்த தாளிலும் சொல்லியிருக்கும் முறுக்கு அளவை டார்க் ரெஞ்சில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஸ்ட்ரட் தண்டின் நடுவில் இருக்கும் நட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் வண்டியில் வைத்துத் தளர்த்தக் கூடாது. அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே அந்த நட்டுதான். அது கழன்றால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது ஸ்டெபிலைசர் பார் லிங்க்; வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியுடன் இணைப்பது அது. இதைத் தனியாகப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும் வேகத்தடையில் அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை, சுழல மட்டுமே செய்கிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போதுதான் அது முறுக்கப்பட்டு லிங்கை இழுக்கிறது. ஆகவே அகலமான வேகத்தடையில் அமைதியாகவும், ஒற்றைச் சக்கரப் பள்ளங்களில் லொடலொடவென்றும் வண்டி நடந்துகொண்டால் லிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கத்து லிங்கைக் கழற்றி, ஓட்டும்போது எங்கும் தட்டாதபடி கட்டிவைத்துவிட்டு அதே சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் தேடல் முடிந்தது. அந்த நிலையில் வளைவுகளில் வண்டி அதிகம் சாயும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது, லெவலிங் செய்த வண்டிகளுக்கே உரிய ‘கிறீச்’ சத்தம். வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் பழைய கதவின் கீல்போலக் கேட்கும் இதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ட்ரோல் ஆர்ம் சேசிஸில் பொருந்தும் இடத்தில் உள்ள புஷ்கள். ரப்பர் புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழாய் போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கப்படுகிறது. வெளி விளிம்பு ஆர்முடன் சேர்ந்து அசைகிறது. இரண்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அந்த அசைவைத் தாங்குகிறது. எனவே போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ, அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி தூக்கப்பட்டு ஆர்ம்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் ஆர்ம் தொங்கும் நிலையிலிருந்து 90 மில்லிமீட்டர் மேலே வந்தால், ரப்பர் ஏறக்குறைய 13 பாகை முறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வண்டி சும்மா நிற்கும்போதே இந்த முறுக்கு இருக்கும், ஓடும்போது இன்னும் கூடும். சத்தம் மட்டுமல்ல, ரப்பர் சீக்கிரம் கிழிவதும், வண்டி எதிர்பார்த்ததைவிட அரை விரல் உயரமாக விறைத்து நிற்பதும் இதனால்தான்.

இதற்குப் புதிய பாகம் எதுவும் தேவையில்லை. வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களில் இருக்கும்படி, சாய்தளத்திலோ சக்கரத்தைத் தாங்கும் லிஃப்டிலோ ஏற்றி, அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பரைப் பிடித்துச் சிலமுறை அமுக்கிவிட்டு, அதே நிலையில் குறிப்பிட்ட அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். ஆனால் பல வண்டிகளில் லோயர் ஆர்மின் போல்ட்டுகளே அலைன்மென்ட்டைத் திருத்தும் கேம் போல்ட்டுகளாகவும் இருப்பதால், தளர்த்துவதற்கு முன் கேம் வட்டு நிற்கும் இடத்தைப் பெயின்ட் பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிறீச்சிடும் புஷ் எது என்று தெரியாவிட்டால், வண்டியை ஒருவர் அமுக்க, மற்றொருவர் ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். எந்த இடத்தில் நனைத்ததும் சத்தம் சிறிது நேரம் அடங்குகிறதோ அதுதான் இடம். பெட்ரோலிய எண்ணெய் கலந்த ஸ்பிரேயை அடிப்பவர்கள் உண்டு. அது ரப்பரைக் கெடுக்கும், அத்தோடு எல்லாச் சத்தத்தையும் இரண்டு நாளைக்கு மறைத்துத் தேடலையும் கெடுக்கும். பாலியூரித்தேன் புஷ் என்றால் கதை வேறு. அதற்கு உரிய கிரீஸ் காய்ந்துபோனால் அது சத்தம் போடத்தான் செய்யும்.

[காட்சி: நின்ற வண்டியில் ஸ்டீயரிங் இடவலமாகத் திரும்புகிறது. கேமரா முன் சக்கரத்தின் உட்புறத்தில்.]

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சத்தம் வந்தால், கார் அனுபவத்தை வைத்துப் பலர் ஸ்ட்ரட்டின் தலையைச் சந்தேகிக்கிறார்கள். பல கார்களில் ஸ்ட்ரட்டே சக்கரத்துடன் சேர்ந்து திரும்பும். ஆனால் இரட்டை ஆர்ம் கொண்ட பிக்கப்பில் திரும்புவது இரண்டு பால் ஜாயின்ட்டுகளுக்கு நடுவே சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் மட்டுமே, ஸ்ட்ரட் அப்படியே நிற்கும். ஆகவே பால் ஜாயின்ட், டை ராட் முனை, ஸ்டீயரிங் ரேக்கின் போல்ட்டுகள், ஸ்டீயரிங் ஷாஃப்டின் மூட்டு ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்தால், காதுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்ட்ரட்டைப் பிரித்துச் சேர்த்த வண்டியில் ஸ்பிரிங்கின் நுனி தன் படியில் சரியாக உட்காராமல் இருந்தால், திருப்பும்போது ஏற்படும் சிறிய எடை மாற்றத்திலேயே ஸ்பிரிங் நழுவி ‘டொய்ங்’ என்று ஒலிக்கும். ஸ்ட்ரட்டைப் பிரிக்காமல் தலையில் ஸ்பேசர் வைத்த வண்டியில் இந்தச் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் இடமே இல்லை.

பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க, ஜாக்கியைச் சேசிஸில் அல்ல, லோயர் ஆர்மின் அடியில், பால் ஜாயின்ட்டுக்கு அருகில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங்கின் அழுத்தம் அந்த மூட்டிலிருந்து விலகும். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் தெரியும்.

பிரேக்கையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். லெவலிங் வேலையின்போது பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றி மாட்டியிருக்கலாம். சத்தம் வரும் சாலையில் பிரேக் பெடலை மிக லேசாக அழுத்தியபடி ஓட்டும்போது சத்தம் மறைந்தால், அது பிரேக் பேட் அல்லது காலிப்பரின் ஆட்டமே தவிர சஸ்பென்ஷன் அல்ல.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், முழுவதும் திருப்பிய நிலையில் முடுக்கும்போது ‘டிக் டிக்’ என்று சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது முன் ஆக்ஸிலின் வளையும் மூட்டான சி.வி. ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கர இயக்கம் கொண்ட ராம் 2500, ஃபோர்டு எஃப்-250 போன்று இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டிகளில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டிராக் பாரின் போல்ட்டைப் பாருங்கள். வண்டியை உயர்த்தியதும் அந்தக் கம்பி அச்சைப் பக்கவாட்டில் சற்று இழுக்கும், அதன் போல்ட் தளர்ந்திருந்தால் ஸ்டீயரிங்கை அசைக்கும்போதெல்லாம் ‘டொக்’ என்று அடிக்கும்.

வீல் அலைன்மென்ட் எப்போது செய்வது என்று கேட்பார்கள். முன்பக்கம் உயர்ந்ததும் சக்கரத்தின் கோணங்களான கேம்பரும் (உள்-வெளிச் சாய்வு) டோவும் (முன்னோக்கிப் பார்க்கும் திசை) மாறும், கேஸ்டர் (திருப்பும் அச்சின் முன்-பின் சாய்வு) பொதுவாகக் குறையும். ஆகவே அலைன்மென்ட் கட்டாயம். ஆனால் அதைச் சத்தம் தீர்ந்த பிறகே செய்ய வேண்டும், ஏனெனில் புஷ் போல்ட்டை ஒருமுறை தளர்த்தினாலே பழைய அலைன்மென்ட் வீணாகிவிடும். அதுவரை, இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் அருகிலுள்ள இரும்பின் மேலுமாக ஒரே கோடாகப் பெயின்ட் பேனாவால் இழுத்து வையுங்கள். ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சை எடுக்கும் நாளில், அந்தக் கோடு உடைந்திருக்கும் நட்டிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.