இரவில் நடப்பவளுக்குத் துணையாக ஒரு ட்ரம்பெட்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த இசை முதலில் ஒரு கேசட் வழியாகத்தான் என்னிடம் வந்தது. நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்தது. மேலே பென்சிலால் ‘மைல்ஸ் டேவிஸ்’ என்று அந்த அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞரின் பெயர் எழுதியிருந்தது, அவ்வளவுதான். ஒரு சினிமாவுக்காக வாசித்தது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். ட்ரம்பெட் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டும், கொஞ்சம் இறங்கும், நின்றுவிடும். அடுத்தது எப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். கண்ணை மூடினால் ஆள் நடமாட்டம் இல்லாத, ஈரமான ஒரு தெரு தெரியும்.

பல வருஷம் கழித்து ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். திரையில் இரவு, தெரு, மழை, தனியாக நடக்கிற ஒரு பெண். உடம்பு சிலிர்த்துவிட்டது.

1958-இல் வெளியான பிரெஞ்சுப் படம் அது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்’. இயக்கியவர் லூயி மால். படம் வெளியானபோது அவருக்கு 25 வயதுதான். கதை எளிது. ஜூலியன் என்பவன் தன் முதலாளியைக் கொல்கிறான். முதலாளியின் மனைவி ஃப்ளோரன்ஸும் அவனும் காதலர்கள், இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. வெளியே வந்த பிறகுதான், ஏறிப்போன கயிறு அங்கேயே தொங்குவதைப் பார்க்கிறான். அதை எடுக்கத் திரும்பிப் போகும்போது, காவலாளி மின்சாரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். லிஃப்ட் நடுவில் நிற்கிறது. அவன் இரவெல்லாம் உள்ளே. சொன்ன நேரத்துக்கு அவன் வராததால், ஃப்ளோரன்ஸ் அவனைத் தேடிக்கொண்டு பாரிஸ் தெருக்களில் நடக்கிறாள்.

அந்த நடைதான் படத்தின் உயிர். ஃப்ளோரன்ஸாக நடித்தவர் ழான் மோரோ. ஒளிப்பதிவாளர் ஆன்றி டெக்கே, ஷான்ஸெலிஸே சாலையில் தனியாக விளக்குப் போடாமல், கடைகளின் கண்ணாடி வழியே வழிகிற வெளிச்சத்திலேயே எடுத்தார். கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டே போனார்கள். மோரோவின் முகம் ஒரு கடையைத் தாண்டும்போது தெரிகிறது, அடுத்த கடை வரும்வரை இருட்டில் மறைகிறது. பேச்சு அதிகம் இல்லை. அந்த இடத்தில் ட்ரம்பெட் வருகிறது.

மைல்ஸ் டேவிஸ் 1957-இன் கடைசியில் கச்சேரிகளுக்காக ஐரோப்பா வந்திருந்தார். அவருக்கு 31 வயது. மால் தன் படத்தைப் போட்டுக் காட்டி வாசிக்கக் கேட்டார். டிசம்பர் 4-ஆம் தேதி இரவு பதிவு. கூட நான்கு பேர். அமெரிக்காவிலிருந்து வந்து பாரிஸில் குடியேறியிருந்த கென்னி கிளார்க் டிரம்ஸ். மற்ற மூவரும் பாரிஸில் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்கள்: டபுள் பேஸில் பியர் மிஷ்லோ, பியானோவில் ரெனே உர்த்ரெஜே, சாக்ஸபோனில் பார்னி விலென். விலெனுக்கு 20 வயதுதான். எழுதி வைத்த இசைக்குறிப்பு எதுவும் கிடையாது. மைல்ஸ் சில ஸ்வரக்கோவைகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்புகளை, மட்டும் யோசித்து வைத்திருந்தார். படத்தின் துண்டுகளைத் திரையில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள், இவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

பின்னணி இசை செய்பவர் பொதுவாகப் படத்தைப் பார்த்து, நொடிக்கணக்குப் போட்டு, எழுதி, பிறகு வாசிக்க வைப்பார். ரசிகன் எங்கே பயப்பட வேண்டும், எங்கே அழ வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே தீர்மானித்திருப்பார். இங்கே வாசிப்பவர்களும் நம்மைப் போலவே அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ அந்தப் பக்கம் ட்ரம்பெட்டும் போகிறது. அவளைப் பார்த்துப் பரிதாபப்படு என்றோ, அவள் குற்றவாளி என்றோ அது சொல்வதில்லை. கூட நடக்கிறது, அவ்வளவுதான். அந்த இசை இன்றுவரை பழசாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் திடமான எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து ஜாஸில் ஸ்வரக்கோவைகள் மடமடவென்று மாறிக்கொண்டே இருக்கும், வாசிப்பவர் அதற்கு ஈடுகொடுத்து ஓட வேண்டும். இந்தப் பதிவின் மெதுவான பகுதிகளில் அப்படி ஓட்டம் இல்லை. ஓரிரு கோவைகளிலேயே நின்று, அதற்குள் மெல்ல உலவுகிறார் மைல்ஸ். ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல், ஒரு சுரத்தில் உட்கார்ந்து அடுத்ததைத் தொடும் ஆலாபனையைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகப் படாது. எனக்கு அந்த கேசட் உடனே பிடித்துப்போனது அதனால்தான் என்று பின்னால் புரிந்தது. 1959-இல் அவர் பதிந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டு இந்த வழியில்தான் போனது.

எழுத்தாளர் போரிஸ் வியான் ஒரு கதை எழுதியிருக்கிறார். பதிவின்போது மைல்ஸின் உதட்டிலிருந்து தோல் ஒன்று பிய்ந்து ட்ரம்பெட்டின் வாயில் மாட்டிக்கொண்டதாம், அந்த விசித்திரமான நாதம் அதனால் வந்ததாம். கதை அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு அது தேவைப்படவில்லை. அந்த நாதம் வந்தது அந்த மனிதரின் மூச்சிலிருந்து.

எல்லாருக்கும் ட்ரம்பெட்தான் நினைவில் நிற்கும். நீங்கள் கேட்கும்போது காவலாளி வருகிற பகுதியையும் தவறவிடாதீர்கள். அதில் ட்ரம்பெட் இல்லை, பியானோ இல்லை, சாக்ஸபோனும் இல்லை. பேஸும் டிரம்ஸும் மட்டும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவனின் நெஞ்சு அடித்துக்கொள்வது நமக்கே கேட்பதுபோல் இருக்கும்.

ஃபிலிம் நுவார், அதாவது இந்தப் படத்தைப் போலக் குற்றமும் இருட்டும் கலந்த படங்கள், என்றதும் பலருக்கு மழை, தெருவிளக்கு, புகை, கூடவே ஒரு சாக்ஸபோன் நினைவுக்கு வரும். உண்மையில் 1940-களின் அமெரிக்க நுவார் படங்களில் பெரும்பாலும் பெரிய வாத்தியக் குழுக்களின் இசைதான். 1944-இல் ‘டபுள் இண்டெம்னிட்டி’க்கு மிக்லோஷ் ரோஜா போட்டது அப்படிப்பட்டது. ஜாஸ் என்றால் இரவு விடுதிக் காட்சியில் கொஞ்சம் வரும். 50-களில்தான் அது விடுதியை விட்டு வெளியே வந்து படம் முழுக்கப் பரவியது. அப்புறம் 1974-இல் ‘சைனாடவுன்’ படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் பத்தே நாளில் எழுதிய இசையில் அந்தத் தனி ட்ரம்பெட், 1976-இல் ‘டாக்ஸி டிரைவர்’ படத்தில் பெர்னார்ட் ஹெர்மனின் சாக்ஸபோன். இவையெல்லாம் சேர்ந்துதான் பழைய படங்களைப் பற்றிய நம் நினைவையே மாற்றிவிட்டன.

கடைசியாக ஒன்று, வானொலி நிலையத்தில் உட்கார்ந்து சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம். அந்த இரவு மைல்ஸும் மற்றவர்களும் வாசித்தது போஸ்த் பரீஸியன் என்ற வானொலி நிலையத்தின் ஸ்டுடியோவில். அது இருந்தது ஷான்ஸெலிஸேயில், மோரோ கேமராவுக்கு முன்னால் நடந்த அதே சாலையில். பதிவு நடந்த அன்று அவரும் அங்கே வந்திருந்தார்.

படத்தின் தொடக்கத்தில் வரும் பகுதியை இப்போது ஒலிபரப்பச் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வணக்கம்.