செயலவைக்கு நிக்கச் சொல்றாங்க, ஒத்துக்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒன்னு ரெண்டு நாளா மனசுலேயே நிக்குது. உட்லண்ட்ஸ்லேருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "ஆறு வருஷமா ஒரு எழுத்தாளர் குழுவுல உறுப்பினரா இருக்கேன். வர்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துல செயலவைக்கு, அதாவது குழுவை நடத்தற நிர்வாகக் குழுவுக்கு, நிக்கச் சொல்றாங்க. எனக்குக் கதை எழுதத்தான் தெரியும், நிர்வாகம் தெரியாது. ஒத்துக்கலாமா?"

தாராளமா ஒத்துக்குங்கம்மா. ஆனா 'சரி'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அமைப்பு விதிகளைக் கேட்டு வாங்கிப் படிங்க. தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு இது பழைய பாட்டுதான், இருந்தாலும் திரும்பச் சொல்றேன். சிங்கப்பூர்ல பத்துப் பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து ஒரு அமைப்பா இயங்கினா, சங்கங்கள் சட்டம் அதைச் சங்கமாத்தான் பார்க்கும். சங்கப் பதிவகத்துல பதியணும். பதியறப்பவே விதிகளைக் கொடுத்தாகணும். அதனால ஒரு பிரதி செயலாளர்கிட்ட கண்டிப்பா இருக்கும்.

அதுல என்ன பார்க்கணும்? பதவிக்காலம் எத்தனை வருஷம்னு பாருங்க. செயலவை எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை கூடணும்னு பாருங்க. பதிவகத்தோட மாதிரி விதிகளைத்தான் நிறையக் குழுக்கள் எடுத்துக்கிட்டிருக்கு. அதுல மூனு மாசத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்கணும். தகுந்த காரணம் சொல்லாம தொடர்ந்து மூனு கூட்டத்துக்கு வரலைன்னா, விலகினதாவே எடுத்துக்கலாம். தலைவரும் செயலாளரும் அடுத்த தவணைக்கும் அதே பதவிக்கு நிக்கலாம், பொருளாளர் மட்டும் நிக்க முடியாது. பணம் ஒரே கையில ரொம்ப நாள் இருக்கக்கூடாதுங்கறதுதான் காரணம். நல்ல விதி.

புதுசா வர்றவங்க துணைச் செயலாளரா ஆரம்பிக்கறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதக் கத்துக்கலாம். எழுத்தாளர்கள் சறுக்கற இடமும் அதுதான். யார் என்ன பேசினாங்க, என்ன பதில் வந்ததுன்னு பக்கம் பக்கமா எழுதிடுவாங்க. அது வேண்டாம். தேதி, இடம், வந்தவங்க, வர முடியலைன்னு சொன்னவங்க, எடுத்த முடிவு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வேலையை யார் எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும். இவ்வளவுதான். ரெண்டு நாளைக்குள்ள எல்லாருக்கும் அனுப்பிடுங்க. வாட்ஸ்அப்ல எடுத்த முடிவையும் அடுத்த கூட்டக் குறிப்புல ஏத்திடுங்க. இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு, அச்சகத்துக்கு 800 வெள்ளி கொடுக்கச் சொன்னது யாருன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.

ஆனா எனக்கு ஒரு ஆசை. அவங்க என்கிட்ட 'ஒத்துக்கலாமா'ன்னு கேட்டதைவிட, 'பொறுப்புக்கு வர்ற அன்னைக்கு என் கைக்கு என்னென்ன வரணும்'னு கேட்டிருக்கலாம். நிர்வாகம் தெரியாதவங்களால குழு முடங்கறது குறைவு. ஒப்படைப்பு சரியா நடக்காம முடங்கறதுதான் அதிகம்.

உதாரணத்துக்குப் பொருளாளர் பொறுப்பைப் பாருங்க. மார்ச் கடைசியில பொதுக்கூட்டம், பொருளாளர் மாறிட்டாங்க. ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா. மண்டபத்துக்குப் பணம் கட்டணும், போட்டிப் பரிசு வாங்கணும். வங்கியில கையெழுத்திடறவங்களை மாத்தணும்னா பொதுக்கூட்டக் குறிப்பு கேட்பாங்க, புதுசா வர்றவங்களோட அடையாள விவரம் கேட்பாங்க, அது முடிய வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் பணத்தை விடுவிக்கப் பழைய பொருளாளர்தான் வரணும். அவங்க ஊருக்குப் போயிட்டா? அதனால படிவங்களை முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டு, பொதுக்கூட்டம் முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுடுங்க. முடிஞ்சா பொதுக்கூட்டத்தையே விழாவை ஒட்டி வைக்காதீங்க.

அடுத்தது மின்னஞ்சல் கணக்கு. கடவுச்சொல்லைக் கொடுத்துடுவாங்க. ஆனா ஒருமுறைக் கடவுச்சொல் (OTP) போறது பழைய செயலாளரோட கைப்பேசிக்கு. உள்ள போகவே முடியாது. ஒப்படைக்கிற அன்னைக்கே எண்ணை மாத்திடுங்க. ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இதே கதைதான்.

மானியம் வாங்கியிருந்தா, அறிக்கைக்கான கடைசித் தேதியைக் கேளுங்க. பொதுவா இறுதி அறிக்கையும் ரசீதுகளும் போனாதான் மீதித் தொகை வரும். தொகுப்பு நூல் போட்டிருந்தா, வெளிவந்த நாலு வாரத்துக்குள்ள ரெண்டு பிரதி தேசிய நூலகத்துக்குப் போயிருக்கணும், போச்சான்னு பாருங்க. விக்காத பிரதிகள் எத்தனை, யார் வீட்டுல இருக்குன்னு எண்ணி எழுதிக்குங்க. உறுப்பினர் பட்டியல், சந்தா கணக்கு, விதித்திருத்தத்துக்குப் பதிவகம் கொடுத்த ஒப்புதல் கடிதம், இதையெல்லாம் ஒரே தாள்ல எழுதி, கொடுக்கறவரும் வாங்கறவரும் கையெழுத்துப் போடுங்க. தாள் ஒன்னு, பிரதி ரெண்டு. இதுல கூச்சப்படாதீங்க. கேட்டா சந்தேகப்படறதா நினைச்சுடுவாங்களோன்னு நம்ம ஆளுங்க தயங்கறாங்க. கொடுக்கிறவருக்கும் அந்தத் தாள்தான் பாதுகாப்பு.

பொதுக்கூட்டம் முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள ஆண்டு அறிக்கையைப் பதிவகத்துக்கு இணையம் வழியா அனுப்பணும். யார் அனுப்பறதுன்னு அந்தக் கூட்டத்துலேயே பேர் சொல்லி முடிவு பண்ணுங்க. பழைய செயலவை பார்த்துக்கும்னு புதுசும், புதுசு பார்த்துக்கும்னு பழசும் விட்டுடறது வழக்கம். கணக்குச் சரிபார்ப்பு கூட்டத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். வருஷ வரவோ செலவோ 500,000 வெள்ளியைத் தாண்டாத குழுன்னா, செயலவையில இல்லாத ரெண்டு உறுப்பினர்களே சரிபார்க்கலாம். எழுத்தாளர் குழுக்கள் எல்லாம் அநேகமா இதுக்குள்ளதான்.

சரி, உட்லண்ட்ஸ் நேயருக்கு வர்றேன். முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர், ரெண்டு பேர்கிட்டயும் முன்னாடியே பேசி வச்சுக்குங்க. உங்க சந்தா பாக்கி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. பாக்கி இருந்தா நிறைய குழுக்கள்ல ஓட்டும் போட முடியாது, நிக்கவும் முடியாது.