கீலில் காணாமல் போன ஓர் ஓட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் 16 மாநிலங்கள். பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் மூன்றிலும் மேயர்தான் ஆட்சித் தலைவர்; மற்ற 13-இல் முதல்வர். ஆளுநர் என்ற பதவியே அங்கே கிடையாது. ஆதரவுக் கடிதத்தோடு ஆளுநர் மாளிகை வாசலில் போய் நிற்கும் வேலை யாருக்கும் இல்லை. சட்டமன்றமே கூடி முதல்வரைத் தேர்ந்தெடுக்கும், வழக்கமாக ரகசிய வாக்கெடுப்பில். வில்லங்கம் அந்த ரகசியத்தில்தான்.

2005 மார்ச் 17. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தலைநகர் கீல். ஹைடே சிமோனிஸ் 1993 முதல் முதல்வர்; ஜெர்மன் மாநிலம் ஒன்றுக்கு முதல்வரான முதல் பெண் அவர்தான். 69 பேர் கொண்ட அவையில் அவர் அணிக்கு 35 பேர். சீட்டுகளை எண்ணினால் 34. சரி, இன்னொரு முறை. அப்போதும் 34. நான்கு சுற்று நடத்தியும் அந்த ஓர் ஓட்டு வரவேயில்லை. சிமோனிஸ் விலகினார், அடுத்த மாதம் எதிரணியின் கார்ஸ்டென்சன் முதல்வரானார். காலை வாரியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. 'ஹைடேயைக் கொன்றவர்' என்று பத்திரிகைகள் அந்த ஆளுக்குப் பெயரே வைத்துவிட்டன.

எர்ஃபுர்ட்டில் நடந்தது இதைவிட விசித்திரம். 2020 பிப்ரவரி 5, தூரிங்கியா சட்டமன்றம். 90 பேரில் ஐந்தே பேர் கொண்ட கட்சியின் கெம்மெரிஷ், மூன்றாம் சுற்றில் 45-க்கு 44 என்று வென்றுவிட்டார். தீவிர வலதுசாரிகள் தங்கள் வேட்பாளரை நிற்கவைத்துவிட்டு, அவருக்கு ஓர் ஓட்டுகூடப் போடாமல் மொத்தமாக இவர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். இடதுசாரித் தலைவி ஒருவர் பூங்கொத்தோடு வந்தார். கையில் கொடுக்காமல் புதிய முதல்வரின் காலடியில் போட்டுவிட்டு நடந்தார். அப்போது சான்சலராக, அதாவது நம் பிரதமர் போன்ற பதவியில், இருந்தவர் மெர்க்கல்; தென்னாப்பிரிக்காவில் இருந்த அவர், 'மன்னிக்க முடியாதது' என்றார். கெம்மெரிஷ் மூன்றே நாளில் ராஜினாமா.

இவ்வளவுக்குப் பிறகும், ரகசியம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொறடாவின் கண் முன்னால் கை தூக்குவதென்றால் வாக்கெடுப்பு எதற்கு, கட்சி ஆபீஸே போதுமே!

மத்தியில் சான்சலரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதும் இதே முறையில்தான். 2025 மே 6 அன்று அந்தப் பதவிக்கு நின்ற மெர்ட்ஸின் அணிக்கு 328 பேர்; முதல் சுற்றில் கிடைத்தது 310. தேவைக்கு ஆறு குறைவு. அன்று மாலையே இரண்டாம் சுற்றில் 325 வாங்கி சான்சலர் ஆகிவிட்டார். காலையில் கைவிட்டவர்கள் யார் யார் என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

நன்றி, வணக்கம்.