மட்டி வந்த நீர் எது?

வணக்கம் நேயர்களே.

மீன் வாங்கும்போது கண்ணைப் பார்க்கிறோம், செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், சதையை விரலால் அழுத்திப் பார்க்கிறோம். மட்டியிலும் சிப்பியிலும் இந்தக் கைப்பழக்கம் பலிக்காது. இன்று காலை எடுத்தது, வாய் இறுக மூடியது, எந்த நாற்றமும் இல்லாதது என்றாலும் அது ஆளைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும். காரணம், அது வாழும் விதம். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, நீரை உறிஞ்சி வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்று வளரும் உயிர் அது. முதிர்ந்த சிப்பி ஒன்றால் நாளொன்றுக்கு 100 லீற்றருக்கும் கூடுதலான நீரை வடிகட்ட முடியும். அந்த நீரில் மலக்கழிவு கலந்திருந்தால், அதிலுள்ள கிருமிகளும் உள்ளேயே தேங்கும். மீனின் குடலை எடுத்து வீசிவிடுகிறோம். மட்டியைக் குடலோடு சாப்பிடுகிறோம்.

ஆகவே இந்தத் தொழிலின் பாதுகாப்பு விதிகள் நீரிலிருந்து தொடங்க வேண்டும். உலகம் இதை உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1924 இன் இறுதியில் அமெரிக்க நகரங்களில் சிப்பி வழியாக நெருப்புக் காய்ச்சல் பரவி ஏறத்தாழ 1,500 பேர் நோயுற்றார்கள். 150 பேர் இறந்தார்கள். அதன் பின்னர்தான், 1925 இல், சிப்பி எடுக்கும் நீர்நிலைகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு அங்கே பிறந்தது. 1988 இல் ஷாங்காய் நகரில் மாசடைந்த மட்டியால் செங்கண்மாரி கண்டவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீர்ப்பரப்புகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். 100 கிராம் சதையில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ கோலை பற்றீரியா பொதுவாக 230 ஐத் தாண்டாத இடம் முதல் வகுப்பு. அங்கே எடுத்ததை நேரே விற்கலாம். 4,600 வரை இரண்டாம் வகுப்பு. தூய்மைப்படுத்திய பின்னரே விற்கலாம். 46,000 வரை மூன்றாம் வகுப்பு. சுத்தமான கடலில் குறைந்தது இரண்டு மாதம் விட்டுவைக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட முறையில் வெப்பமூட்ட வேண்டும். அதற்கும் மேல் போனால் கைவைக்கவே கூடாது.

தூய்மைப்படுத்தும் தொட்டியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். மட்டிகளைத் தட்டுகளில் குவிக்காமல் பரப்பியிருப்பார்கள். புறஊதாக் கதிரால் கிருமி நீக்கிய கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும். சிறிது நேரத்தில் ஓடுகள் மெல்லத் திறக்கும். நூல் நூலாகக் கழிவு வெளியேறி அடியில் படியும். பிரித்தானியாவில் இதற்கு நீண்டகாலம் விதித்திருந்த நேரம் 42 மணித்தியாலம். அவசரப்பட்டு இடையில் தட்டை அசைத்தால் படிந்த அழுக்குக் கலங்கும், மட்டி அதையே மீண்டும் உறிஞ்சிவிடும். முதலில் நீரை வடித்துவிட்டுத்தான் தட்டை எடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் நீங்குவது பெரும்பாலும் பற்றீரியாதான். வைரஸ் எளிதில் போகாது, பாசி நஞ்சும் அப்படித்தான். தொட்டி இருக்கிறதே என்று அழுக்கு நீரில் அள்ளுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அடுத்தது, சாக்கில் கட்டும் அட்டை. எடுத்தவர் யார், எந்த நீரில், எந்தத் திகதியில் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தச் சாக்கின் கடைசிச் சிப்பி விற்றுத் தீர்ந்த பின்னும் 90 நாள் அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு நாள்? செங்கண்மாரி உடலில் வெளிப்படுவதற்கு ஒரு மாதம், சிலருக்கு ஐம்பது நாள் ஆகும். அப்போது மட்டியும் இருக்காது, ஓடும் இருக்காது. எந்த நீரை மூட வேண்டும் என்று சொல்ல அந்த அட்டை மட்டுமே மிஞ்சியிருக்கும். கொழும்பு ஹோட்டல்கள் இந்த ஒரு பழக்கத்தையாவது தாமாகவே மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவு ஒரு துண்டு அட்டையும் ஒரு பேனாவும்தான்.

நம் நகரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பின் கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் குழாய் வழியே கடலில் விடப்படுகிறது. கால்வாய்களும் அதே கரையில்தான் கடலில் விழுகின்றன. வற்று நேரத்தில் அந்தப் பாறைகளில் மட்டி சுரண்டிச் சமைக்க வேண்டாம். அதிலும் அடைமழைக்குப் பிந்திய நாட்களில் வேண்டவே வேண்டாம். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது இந்தக் கரையோரத்தில் மீன்பிடிக்கத் தடை விதித்தார்கள். புகை தெரிந்தது, தடை வந்தது. கண்ணுக்குத் தெரியாத மாசுக்கும் அதே உறுதி வேண்டும். களப்பில் இடுப்பளவு நீரில் நின்று மட்டி பொறுக்கும் பெண்ணால் பற்றீரியாவை எண்ண முடியாது. நீரைப் பரிசோதித்து, "இன்று இந்தக் களப்பு திறந்திருக்கிறது, அது மூடியிருக்கிறது" என்று அவளுக்கு அறிவிப்பது அரசின் கடமை. அவள் தலையில் சுமையை ஏற்றிவிட்டு நகரத்தில் ஆறுதலாகச் சாப்பிடுவது நியாயமாகாது.

கொண்டுவரும் முறை பற்றி ஒரு வார்த்தை. உயிருள்ள மட்டியை ஐஸ் உருகிய நன்னீரில் மூழ்க விடாதீர்கள், செத்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றி, நீர் வடியும் பெட்டியில், குளிராக வையுங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் வீசிவிடுங்கள்.

பாசி நஞ்சு வேறு விதமானது. சிலவகை நுண்பாசி பெருகும்போது சக்சிரொக்சின் என்ற நரம்பு நஞ்சு மட்டியில் சேரும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. எலுமிச்சம்புளி பிழிந்தாலும் அழியாது. உலக உணவு நியமம் கிலோவுக்கு 0.8 மில்லிகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. 1997 இல் கேரளத்தின் விழிஞத்தில் இந்த வகை நஞ்சேறிய மட்டியை உண்டு ஏழு பேர் இறந்தார்கள். அது நமக்குத் தொலைவான கடல் அல்ல.

மட்டி சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் விறைத்தால், விரல் நுனி மரத்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. மூச்சு தளர்ந்தால் இயந்திரத்தின் துணை தேவைப்படும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிஞ்சிய கறியையும் ஓடுகளையும் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கடையில், எந்த நாளில் வாங்கியது என்பதையும் சொல்லுங்கள். மீதி மட்டியை விற்கவிடாமல் நிறுத்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அந்தத் தகவல் வேண்டும்.