மாட்டு வண்டி நூலகமும் வாட்ஸ்அப் வழிகாட்டியும்

(மன்னார்குடி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பேசியது. எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், பேசினபடியே போடுகிறேன்.)

தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணன் அவர்களே, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகியும் எனக்காக உட்கார்ந்திருக்கும் ஒன்றியக் கவுன்சிலர் அவர்களே (நீங்கள் கிளம்புவதற்குள் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும், அதனால்தான் வேகமாகப் பேசுகிறேன்), பந்தலும் மைக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் முன்னாள் மாணவர் தம்பி அவர்களே, வங்கி மேலாளர் ஐயா அவர்களே! கல்விக்கடன் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் ஐயாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓட விடாதீர்கள். பொன்னாடைக்குப் பதிலாக எனக்குப் புத்தகம் கொடுத்த பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தனி வணக்கம். ஓய்வுபெற்ற நூலகனுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்காவது தெரிந்திருக்கிறது.

மேற்படிப்புக்கு வழி தேட இணையமும் சமூக ஊடகமும் எப்படி உதவும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான்கு விஷயம் சொல்லப் போகிறேன். எதை நம்புவது, எப்போது தேடுவது, உதவித்தொகை எங்கே கிடைக்கும், படித்த பிறகு லிங்க்டின் மாதிரி இடங்களில் வேலை தேடுவது எப்படி.

முதலில் நம்பிக்கை விஷயம். என் பாட்டி அடிக்கடி சொல்வாள், கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்று. நம்ம பக்கம் கேழ்வரகை யாரும் அவ்வளவாகப் பார்த்ததில்லை, அதனால்தானோ என்னவோ வடிந்தாலும் வடியும் என்று நம்பிவிடுகிறோம். ரிசல்ட் வந்த மறுநாள் பாருங்கள், போனைத் திறந்தால் ரீல்ஸ் ரீல்ஸாகக் கொட்டும். இந்தக் கோர்ஸ் படித்தால் மாதம் இரண்டு லட்சம், மூன்றே சீட்தான் பாக்கி, இன்றைக்கே பத்தாயிரம் ஜிபே பண்ணுங்கள். மூன்றே சீட் பாக்கி இருக்கிறவன் எதற்குக் காசு கொடுத்து விளம்பரம் போடுகிறான்? அதைக் கேட்டாலே பாதி தெளிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு நான் செய்வது இதுதான். முகவரியின் வாலைப் பார்ப்பேன். அரசு தளம் என்றால் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும், கல்லூரி என்றால் பெரும்பாலும் 'ஏசி டாட் இன்'. அப்படி முடியாத அதிகாரபூர்வத் தளங்களும் உண்டு, பொறியியல் கலந்தாய்வுத் தளமே அந்த ரகம். அந்த மாதிரி முகவரியைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசியே, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவே வெளியிடுகிறது. பொறியியல் என்றால் போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பிசி, எம்பிசி, எஸ்சி என வகுப்புவாரியாகவே இணையத்தில் இருக்கிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு உங்கள் கட்-ஆஃப் என்ன என்று போட்டு, அந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். அதைப் பார்த்தவனை எந்த ஏஜென்டும் ஏமாற்ற முடியாது. அப்புறம், பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கல்லூரியில் படிக்கிற ஒரு அக்காவையோ அண்ணனையோ தேடிப் பிடித்து, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, வேலைக்கு ஆள் எடுக்க உண்மையாகவே கம்பெனி வருகிறதா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் சமூக ஊடகத்தால் ஆகிற ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

நம்பிக்கை பற்றிப் பேசும்போது ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. எங்கள் தெருக் கோடியில் ஒரு பெண். பெயர் வேண்டாம், படிக்கிற பிள்ளை. கட்-ஆஃப் 180க்கு மேல். அப்பா குத்தகைச் சாகுபடி, வீட்டில் பட்டன் போன்தான். கடைத்தெருவில் ஒரு நெட் சென்டரில் விண்ணப்பம் போட்டார்கள். அந்தத் தம்பி நல்லவர், ஐம்பது ரூபாய் குறைத்துக்கூட வாங்கினார். ஆனால் மொபைல் நம்பர் என்ற கட்டத்தில் தன் நம்பரையே போட்டுவிட்டார். பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். ஜூலையில் சீட் ஒதுக்கீடு வந்தது, மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். காலையில் கடைக்கு ஓடினால் ஷட்டரில் ஒரு அட்டை தொங்குகிறது: 'காது குத்து, இரண்டு நாள் விடுமுறை'. போன் ஸ்விட்ச் ஆஃப். பிள்ளையின் அப்பா நாற்றுப் பறிக்கிற வயலிலிருந்து சேற்றுக் காலோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். சரி, கடைக்காரத் தம்பியின் மாமனார் ஊர் பட்டுக்கோட்டை என்று யாரோ சொன்னார்கள். என் டிவிஎஸ் 50-இல் நானும் அவரும். மதுக்கூர் தாண்டியதும் பெட்ரோல் தீர்ந்தது, அந்தக் கதை வேண்டாம். பட்டுக்கோட்டையில் மூன்று மண்டபம் ஏறி இறங்கி, நான்காவதில் ஆளைப் பிடித்தோம். அவருடைய மாமியார் எங்களைப் பார்த்ததும் இலை போட்டுவிட்டார், சாப்பிடாமல் நகர விடமாட்டேன் என்கிறார். இந்தப் பக்கம் பிள்ளை பள்ளிக் கம்ப்யூட்டர் முன்னால் டீச்சரோடு உட்கார்ந்திருக்கிறது, பாஸ்வேர்டை மாற்ற ஓடிபி வேண்டும், ஓடிபி இந்தத் தம்பி போனுக்கு வரும், மண்டபத்துக்குள் டவர் இல்லை. மொட்டை மாடிக்கு ஓடினோம். நம்பர் வந்தது. நான் என் போனில் கத்துகிறேன், கீழே நாதஸ்வரம், 'ஆறா, ஏழா தாத்தா?' என்கிறது பிள்ளை, ஆறு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஓடிபி காலாவதி. மறுபடி ஒன்று. நாலு நாற்பதுக்கு 'முடிஞ்சது தாத்தா' என்று சத்தம் வந்தபோது அவள் அப்பா மொட்டை மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் அப்போதும் பாயசக் கிண்ணம் இருந்தது.

அந்தப் பிள்ளை இப்போது கோவையில் மூன்றாம் வருடம். உங்கள் விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு நம்பர், பாஸ்வேர்டு உங்கள் நோட்டில். அவ்வளவுதான்.

அடுத்தது, எப்போது தேடுவது. ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன்னாலேயே வாய்க்கால் தூர்வார வேண்டும் என்று சத்தம் போடுகிறோம் இல்லையா, இதுவும் அப்படித்தான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் பஸ்ஸில் போகிற தூரம், ஆனால் அங்கே இளநிலைப் படிப்பில் சேர க்யூட் என்கிற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு விண்ணப்பிக்கிற காலம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். தஞ்சாவூரில் புதுக்கோட்டை ரோட்டில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்று நிஃப்டெம் இருக்கிறது, 2021-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது, அங்கே பிடெக் சேர ஜேஇஇ மெயின் என்கிற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நெல் விளைகிற ஊர்ப் பிள்ளைக்கு அதன் போர்டு தெரியும், உள்ளே என்ன படிப்பு என்று தெரியாது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-லிருந்து இருக்கிறது. சம்பா நடவு முடிகிற நேரத்திலேயே தேட ஆரம்பித்தால்தான் இதெல்லாம் கைக்கு எட்டும். தமிழக அரசின் வழிகாட்டித் திட்டமான நான் முதல்வன் தளத்தைப் பாருங்கள், சந்தேகம் என்றால் பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417-க்குப் போன் போடுங்கள்.

ஆனால் எங்கே உட்கார்ந்து தேடுவது? அதைச் சொல்லத்தான் வந்தேன். நூலக இயலின் தந்தை ரங்கநாதன் எந்த ஊர்? நம்ம சீர்காழி. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று. 1931-இல் இதோ இந்த மன்னார்குடி மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். மாட்டு வண்டியில் முடிந்தது, பிராட்பேண்டில் முடியாதா? எங்கள் ஊர் நூலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, உறை போட்டு மூடியிருக்கிறது. பிள்ளைகள் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் கதவும் மூடியிருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஐப்பசியிலிருந்து ஆடி வரைக்குமாவது இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள், படித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பையனையோ பெண்ணையோ சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். பத்துப் பிள்ளைகள் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தால், கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒரு வீடியோ வரும்போது யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள். தனியாக, போர்வைக்குள் போனைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு கிடைக்காது. கவுன்சிலர் ஐயா, இதுதான் நான் சொன்ன கோரிக்கை, எழுந்துவிடாதீர்கள்.

தலைமையாசிரியை அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதும் நான்காவதும் இன்னொரு நாள். வாசலில் மேஜை போட்டு மனு வைத்திருக்கிறோம், பேனாவும் கட்டியிருக்கிறது, டீ வாங்குகிற பக்கம்தான். பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அது கவுன்சிலர் ஐயாவுக்கு.